கண்ணாடி மாற்ற வேண்டும்

அன்பு மகன் செந்திலுக்கு அப்பா எழுதுவது.

இங்கு நான், அம்மா, அப்பத்தா எல்லோரும் நலம். போன் செய்தால் "சைட்ல இருக்கேன்பா, அப்புறம் பேசுறேன்" என்கிறாய். அந்த அப்புறம் ஒன்பது நாளாக வரவில்லை. அதனால்தான் பழையபடி கடிதம். சவுதியில் ஜுபைலில் இருந்து பத்தொன்பது வருஷம் எழுதிய கை, மறந்துவிடவில்லை.

அம்மா உனக்குப் பொடி எல்லாம் அரைத்துவிட்டாள். குருமாப் பொடியில் கசகசா போடாதே என்று மூன்று தடவை சொன்னேன். துபாயில் அது போதைப்பொருள் கணக்கு. பெட்டியில் இருந்தால் ஜெயில் வரை போகும். "சமையல் சாமானுக்கா பிடிப்பான்" என்று சிரிக்கிறாள். நீயே சொல், நீ சொன்னால் கேட்பாள். முதுகுவலிக்கு நீ போடும் மாத்திரையையும் டாக்டரிடம் காட்டிக் கேள். டிராமடால், கோடீன் கலந்த எதையும் அங்கே முன் அனுமதி இல்லாமல் கொண்டுபோகக் கூடாது.

விசா தாளையும் ஒருமுறை நிதானமாகப் படித்துப் பார். வேலை விசா வந்துவிட்டது என்று நீ வாட்ஸப்பில் அனுப்பியதை நெட் சென்டரில் பிரிண்ட் எடுத்தேன். எழுத்து பொடிப்பொடியாக இருக்கிறது. எனக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும். சரி, நீ படித்தவன், பார்த்திருப்பாய்.

உன் பாஸ்போர்ட்டை நினைத்தால் எனக்குப் பெருமைதான். நான் எட்டாவதோடு நின்றவன். எமிக்ரேஷன் கிளியரன்ஸ் என்ற அரசாங்க அனுமதி வாங்காமல் விமானம் ஏற முடியாது. சென்னையில் அந்த அலுவலக வாசலில் இரண்டு நாள் நின்றேன். பத்தாவது தாண்டியவர்களுக்கு அது தேவையில்லை, நீயோ டிப்ளமோ. உன்னை யாரும் நிறுத்தமாட்டார்கள். ஆனால் அன்றைக்கு அந்த அதிகாரி கம்பெனி, வேலை, சம்பளம் எல்லாவற்றையும் ஒப்பந்தத்தில் பார்த்துவிட்டுத்தான் முத்திரை குத்தினார். எரிச்சலாக இருந்தது. இப்போது உன்னிடம் கேட்க ஆள் இல்லையே என்று நானே கேட்கிறேன். ஒப்பந்தம் கைக்கு வந்துவிட்டதா? அந்த நாட்டுத் தொழிலாளர் அமைச்சகத்தின் ஆஃபர் லெட்டர் அரபியோடு தமிழிலும் கிடைக்கும். வாங்கிப் படித்த பிறகு கையெழுத்துப் போடு.

ஏஜென்ட் விஷயம். பதிவு பெற்ற ஏஜென்ட் 30,000 ரூபாயும் அதற்கு ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். நீ கொடுத்தது 1,40,000. அதில் அக்காவின் வளையலும் இருக்கிறது. சொல்லிக்காட்டவில்லை. ஒரு வார்த்தை விசாரிக்காமல் அடகுக் கடைக்கு நடந்தவன் நான்தான்.

மேலத்தெருவில் ஒரு பையன் விசிட் விசாவில் போனான். அங்கே போனதும் மாற்றித் தருகிறோம் என்றார்களாம். விசிட்டில் வேலை பார்ப்பதே குற்றம், அப்புறம் சம்பளம் வரவில்லை என்று எங்கே போய் நிற்பான்? நாள் தாண்டியதும் ஒரு நாளைக்கு 50 திர்ஹாம் அபராதம் ஏறியது. அவன் அப்பா வயலை விற்று டிக்கெட் எடுத்துக் கொடுத்தார். உன்னைச் சொல்லவில்லை, பொதுவாகச் சொல்கிறேன். விசா தாளைப் படி.

வெயிலைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மத்தியானம் பன்னிரண்டரையிலிருந்து மூன்று மணி வரை வெட்டவெளியில் வேலை வாங்கக் கூடாது. எங்கள் காலத்தில் இதெல்லாம் ஏது.

பாஸ்போர்ட்டை மட்டும் யாரிடமும் கொடுக்காதே. சின்ன மாமா 1990-ல் ஈராக் படை புகுந்தபோது குவைத்திலிருந்து பாக்தாத், அம்மான் என்று அலைந்து கட்டிய லுங்கியோடு வந்தபோதும் அது இடுப்பில் இருந்தது. இந்திய அரசாங்கத்தின் சொத்து என்று அதிலேயே அச்சடித்திருக்கிறது. முதலாளி வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்று துபாய்ச் சட்டமும் சொல்கிறது. வைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஒரு காலத்தில் அலமாரிச் சாவி என்னிடம்தான் இருந்தது.

நான் போர்மேன் ஆன வருஷம், 1996. நாற்பத்தொரு பேர் பாஸ்போர்ட் கேம்ப் ஆபீஸில் இருந்தது. ஒரு புதன்கிழமை ராத்திரி ஊரிலிருந்து போன். நான்தான் எடுத்தேன். தேவிபட்டினம் பக்கத்துப் பையன் ஒருவனுடைய அம்மா இறந்துபோய்விட்டார். விடிந்தால் ஸ்லாப் கான்கிரீட், வைப்ரேட்டர் பிடிக்க அவனை விட்டால் ஆள் இல்லை. அப்போது அங்கே வியாழன் வெள்ளி ஆபீஸ் லீவு. முதீர், அதாவது மேனேஜர், வந்து நாட்டை விட்டுப் போக எக்ஸிட் விசா வாங்கிக் கொடுத்தால்தான் யாரும் போக முடியும் என்பது உண்மை. ஆனால் அவர் வீடு எனக்குத் தெரியும். போய்க் கதவைத் தட்டியிருக்கலாம். தட்டவில்லை. அவனிடமும் சொல்லவில்லை. வியாழன் முழுக்க என் கண் முன்னால் வேலை பார்த்தான், மத்தியானம் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். சனிக்கிழமைதான் சொன்னேன். அதற்குள் ஊரில் எல்லாம் முடிந்திருந்தது. "எப்பண்ணே போன் வந்துச்சு?" என்று கேட்டான். "இப்பத்தான்" என்றேன்.

அடுத்த மாதம் எனக்கு 150 ரியால் கூடியது. அதை அம்மாவுக்கு எழுதினேன். இதை எழுதவில்லை. இன்று வரை அவளுக்குத் தெரியாது.

சொல்லவேண்டியதைச் சொல்லாமல் வைத்திருக்கும் பழக்கம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று நான் வெளியே தேட வேண்டியதில்லை.

என் கண்ணாடியில் ஒரு குறையும் இல்லை செந்தில். தாளை அன்றைக்கே படித்துவிட்டேன். பீரோவில் என் சட்டைக்கு அடியில் இருக்கிறது, அம்மாவுக்குக் காட்டவில்லை. டிக்கெட் தேதியை மாற்றினால் எவ்வளவு பிடிப்பார்கள் என்று விசாரித்துச் சொல். அந்தக் காசை நான் தருகிறேன். திட்டமாட்டேன்.

ராத்திரி பத்து மணிக்கு மேல் கூப்பிடு. அம்மா தூங்கியிருப்பாள்.

அப்பா