பன்னிரண்டில் பத்து: லூசியானா சட்டமன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய சட்டமன்ற உறுப்பினர்களே,

வணக்கம். கீழவையில் 105, செனட்டில் 39, ஆக மொத்தம் 144 பேர் நீங்கள். தமிழ்நாட்டில் வளர்ந்தவனுக்கு 144 என்றாலே தடை உத்தரவுதான் நினைவுக்கு வரும். அது கிடக்கட்டும். நான் ஜெஃபர்சன் பாரிஷில், மெட்டேரியில் குடியிருப்பவன். (ஊரில் இருந்து படிப்பவர்களுக்கு: இங்கே மாவட்டத்தைப் பாரிஷ் என்பார்கள்.) இதன் ஆங்கிலப் பிரதி என் தொகுதி உறுப்பினருக்குத் தனியாக வந்து சேரும். தமிழில் எழுதுவது, இங்கே வீடு வாங்கி, வரி கட்டி, வாக்களிக்கும் நம்மவர்களும் படிக்கட்டும் என்றுதான். பன்னிரண்டு ஜூரிகளில் பத்துப் பேர் ‘குற்றவாளி’ என்றாலே தண்டனை கொடுத்த பழைய விதியைப் பற்றித்தான் பேச்சு. (ஜூரி என்றால், வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லக் கூப்பிடப்படும் சாதாரணக் குடிமக்கள்.) எனக்கே இந்த விஷயம் ஒரு ஜூரி அழைப்பு வந்தபோதுதான் தெரிந்தது.

அன்று கோர்ட்டின் காத்திருப்பு அறையில் காலை முழுவதும் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு கறுப்பினப் பெரியவர், எழுபது வயதுக்கு மேல் இருக்கும். இதற்கு முன் ஜூரியாக இருந்திருக்கிறீர்களா என்று பேச்சுக்குக் கேட்டேன். தொண்ணூறுகளில் ஒருமுறை என்றார். கொலை வழக்கு. பத்துப் பேர் ‘குற்றவாளி’ என்றார்கள். இவரும் இன்னொரு பெண்மணியும் ‘இல்லை’ என்றார்கள். "எங்களைப் பார்த்து ஏன் என்றுகூட ஒருவரும் கேட்கவில்லை தம்பி. எதற்குக் கேட்க வேண்டும்? பத்து வந்துவிட்டதே" என்றார். (தம்பி என்பது என் மொழிபெயர்ப்பு.) அந்தப் பையனுக்கு ஆயுள் தண்டனை. இந்த மாநிலத்தில் ஆயுள் என்றால் பரோல் கிடையாது, ஆயுள் முழுக்கத்தான்.

நான் நம்பவில்லை. பன்னிரண்டு பேரும் ஒத்துக்கொண்டால்தான் தண்டனை என்றுதானே கேள்விப்பட்டிருக்கிறோம்? வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். 1898இல் போய் நின்றது.

அந்த ஆண்டு நியூ ஆர்லியன்ஸில் மாநில அரசியல் சட்டத்தைப் புதிதாக எழுத ஒரு மாநாடு கூடியது. எதற்காகக் கூடினோம் என்பதை அவர்கள் ஒளிக்கவில்லை. நீதித்துறைக் குழுவின் தலைவர் தாமஸ் செம்ஸ் வெளிப்படையாகவே சொன்னார்: சட்டத்துக்கு உட்பட்டு எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் வெள்ளையினத்தின் மேலாதிக்கத்தை நிலைநாட்டுவதே முதல் வேலை. எழுதப் படிக்கத் தெரிய வேண்டும் அல்லது சொத்து இருக்க வேண்டும், இரண்டும் இல்லாவிட்டால் அப்பாவோ தாத்தாவோ 1867க்கு முன் வாக்களித்திருக்க வேண்டும் என்று வாக்குரிமைக்கு விதி வைத்தார்கள். அடிமையாக இருந்த தாத்தா எங்கே போய் வாக்களிப்பார்? 1896இல் 1,30,000க்கு மேல் இருந்த கறுப்பின வாக்காளர் பட்டியல் 1900இல் ஐயாயிரத்துச் சொச்சமாகச் சுருங்கியது.

ஜூரி விஷயத்தில் அவர்களுக்கு ஒரு சிக்கல் இருந்தது. கறுப்பினத்தவரை ஜூரியிலிருந்து சட்டம் போட்டு விலக்கக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1880லேயே சொல்லிவிட்டது. மாநாடு கூடுவதற்குச் சில நாட்களுக்கு முன்புதான், லூசியானாவில் அவர்களை ஒதுக்குகிறார்களா என்று விசாரிக்கச் சொல்லி வாஷிங்டனில் செனட் தீர்மானம் போட்டிருந்தது. ஆகவே நாற்காலியைக் கொடுத்துவிட்டு வாக்கைச் செல்லாக்காசாக்கினார்கள். பன்னிரண்டில் ஒன்பது பேர் ஒத்துக்கொண்டால் தண்டனை கொடுக்கலாம். இரண்டு, மூன்று கறுப்பினத்தவர் உட்கார்ந்தால் உட்கார்ந்துவிட்டுப் போகட்டும். அந்த விதியில் எங்கேயும் நிறம் பற்றி ஒரு சொல் கிடையாது. விஷம் வைப்பவன் புட்டியில் பெயரா ஒட்டுவான்?

1974 அரசியல் சட்டத்தில் ஒன்பது பத்தானது. வேடிக்கை என்னவென்றால், மரண தண்டனை வழக்குக்குப் பன்னிரண்டும் வேண்டியிருந்தது. சாகும்வரை சிறையில் கிடப்பதற்குப் பத்து போதுமானதாக இருந்தது.

இந்த மாநாட்டுக்காரர்கள் வானத்திலிருந்து குதித்தவர்கள் அல்லர். 1873 ஏப்ரல் 13, ஈஸ்டர் ஞாயிறு. கோல்ஃபாக்ஸ் ஊரில் கோர்ட் கட்டடத்தைக் காத்து நின்ற கறுப்பினத்தவர்களை வெள்ளையர் படை ஒன்று கொன்று குவித்தது. சரணடைந்த பலரையும் அன்றிரவு சுட்டார்கள். தண்டனை பெற்ற மூன்றே மூன்று பேரையும் 1876இல் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. அதற்கிடையில், 1874 செப்டம்பர் 14 அன்று ஒயிட் லீக் என்ற அமைப்பு ஆயிரக்கணக்கில் துப்பாக்கியோடு நியூ ஆர்லியன்ஸில் இறங்கி, மாநில அரசையே மூன்று நாள் கைப்பற்றி வைத்திருந்தது. அவர்களை எதிர்த்து அரசுப் படையை நடத்தியவர் லாங்ஸ்ட்ரீட். உள்நாட்டுப் போரில் தெற்குப் படையின் பெரிய தளபதியாக இருந்தவர்! மனிதர்கள் மாறவே மாட்டார்கள் என்று சொல்பவர்களுக்கு அவரைக் காட்டலாம்.

கூட்டாட்சிப் படை வந்ததும் ஒயிட் லீக் பின்வாங்கியது. ஆனால் சில ஆண்டுகளில் படை திரும்பிப் போனது, ஆட்சி அவர்கள் பக்கம் வந்தது. துப்பாக்கியால் மூன்று நாள்தான் பிடித்து வைக்க முடிந்தது. ஜூரி விதியோ 120 ஆண்டு நின்றது.

ஒயிட் லீக்குக்கு எழுப்பிய தூணில் 1932இல் ‘வெள்ளை மேலாதிக்கம்’ என்ற சொல்லையே பெருமையாகப் பொறித்தார்கள். அதை அகற்ற 2017 வரை ஆயிற்று. அதுவும் விடிவதற்கு முன், வேலையாட்கள் குண்டு துளைக்காத உடை போட்டு, முகத்தை மூடிக்கொண்டு வந்து. கோல்ஃபாக்ஸில் ‘தெற்கின் முறைகேடான ஆட்சி இத்தோடு முடிந்தது’ என்று கொலையைக் கொண்டாடிய பலகை 2021இல்தான் இறங்கியது.

எங்கள் மெட்டேரிக்கும் இதில் பங்கு உண்டு. வெள்ளை இனவெறி அமைப்பான கூ கிளக்ஸ் கிளானின் தலைவராக இருந்த டேவிட் டியூக்கை 1989இல் உங்கள் சபைக்கு அனுப்பியது இந்தப் பகுதிதான். 1991 ஆளுநர் தேர்தலில் அவர் தோற்றார், சரி. ஆனால் வெள்ளையர் வாக்குகளில் பாதிக்கும் மேல் அவருக்குத்தான் விழுந்தது. ஊரார் அதை ஏதோ கெட்ட கனவு போலச் சொல்கிறார்கள். அவர் தோற்ற மறுநாளும் பத்துக்கு இரண்டு என்று மக்கள் சிறைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். அதை யாரும் கெட்ட கனவு என்று சொல்லிக் கேட்டதில்லை.

நல்லதையும் சொல்ல வேண்டும். 2018இல் இரு கட்சியினரும் சேர்ந்து இதை மக்கள் வாக்கெடுப்புக்கு அனுப்பினீர்கள். பன்னிரண்டு பேரும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று மாற்றச் சொன்னார்கள் 64 சதவீதம் பேர். அதற்கு முன் உள்ளூர் நாளிதழ் ஒன்று ஆண்டுக்கணக்கான தீர்ப்புகளைத் தோண்டி எடுத்தது. ஜூரி வாக்குக் கணக்கு கிடைத்தவற்றில் ஏறக்குறைய 40 சதவீதம் ஒருமனதல்லாத தீர்ப்புகள் என்று காட்டியது. புலிட்சர் பரிசும் வாங்கியது. ஆனால் புதிய விதி 2019 ஜனவரி 1 முதல் நடந்த குற்றங்களுக்கு மட்டும். 2020 ஏப்ரலில், இப்படித் தண்டிக்கப்பட்ட ராமோஸ் என்பவரின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்த முறையே அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்றது, அதன் இனவெறிப் பிறப்பையும் எடுத்துச் சொன்னது. அடுத்த ஆண்டு இன்னொரு தீர்ப்பில், மேல்முறையீடு முடிந்துபோன பழைய வழக்குகளுக்கு அது தானாகப் பொருந்தாது, ஆனால் மாநிலங்கள் விரும்பினால் பொருத்திக்கொள்ளலாம் என்றது.

இதே முறையை வைத்திருந்த இன்னொரு மாநிலம் ஒரிகன். அதன் உச்ச நீதிமன்றம் 2022 டிசம்பரில் பழைய வழக்குகளுக்கும் கதவைத் திறந்தது. நம் மாநில உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு அக்டோபரில் மறுத்துவிட்டது. ராமோஸ் தீர்ப்புக்குப் பிறகும் இப்படிச் சிறையில் மிச்சமிருந்தவர்கள் சுமார் 1,500 பேர் என்று அவர்களுக்காக வாதாடும் வழக்கறிஞர்கள் கணக்கிட்டார்கள். பெரும்பாலோர் கறுப்பினத்தவர். பலர் அங்கோலா சிறையில் இருக்கிறார்கள். ஒரு காலத்தில் அடிமைகள் வேலை செய்த தோட்டம் அது. இன்றும் கைதிகள் அங்கே வயல்வேலை செய்கிறார்கள்.

இனி உங்கள் கையில்தான் இருக்கிறது. 2025இலும் பழைய வழக்குகளுக்கு மறுவிசாரணை கேட்க வழிசெய்யும் ஒரு மசோதா செனட்டில் வாக்கெடுப்புக்கு வந்து தோற்றது. சாட்சிகள் இறந்திருப்பார்கள், ஆவணங்கள் தொலைந்திருக்கும், பலியானவர்களின் குடும்பங்கள் மறுபடி கோர்ட் படி ஏற வேண்டும் என்கிறீர்கள். கடைசிக் காரணத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. மகளைப் பறிகொடுத்த ஒரு தாயிடம் போய் 1898 கதை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் இரண்டு பேர் சந்தேகப்பட்ட தீர்ப்பு, அந்தத் தாய்க்கு மட்டும் உண்மையான குற்றவாளியைக் காட்டிவிட்டதா?

நான் கேட்பது விடுதலை அல்ல, மறுவிசாரணை. ராமோஸையே எடுத்துக்கொள்ளுங்கள். பத்துக்கு இரண்டு என்று ஆயுள் தண்டனை பெற்றவர். 2023இல் அவரை மறுபடி விசாரித்தார்கள். ஜூரி அவரைக் குற்றவாளி இல்லை என்றது, இம்முறை பன்னிரண்டு பேரும் சேர்ந்து.

அந்த மசோதாவை அடுத்த கூட்டத்தொடரில் மறுபடி எடுங்கள். காத்திருப்பு அறைப் பெரியவரின் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. மதியம் எங்கள் இருவரையும் தேவையில்லை என்று அனுப்பிவிட்டார்கள். கிளம்பும்போது, அந்தப் பையனுக்கு இப்போது ஐம்பது தாண்டியிருக்கும் என்றார்.

இப்படிக்கு,
மெட்டேரியிலிருந்து ஒரு தமிழன்