சொம்பில் இருக்கும் பெயர்

அன்புள்ள தம்பி,

சின்னவன் பள்ளிக்கூடத்தில் குடும்பக் கதை சொன்ன வீடியோவை நாலைந்து தடவை பார்த்துவிட்டேன். கொள்ளுத்தாத்தா ஜப்பான்காரனை ஏமாற்றிவிட்டுக் காட்டுக்குள் ஓடித் தப்பித்தார் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொல்கிறான், பார்க்க ஆசையாகத்தான் இருந்தது. அது நான் உனக்குச் சொன்ன கதை. நான் உனக்குச் சொன்னதில் பாதிதான் உண்மை, மீதியை இன்றைக்கு எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். போனில் சொன்னால் நடுவில் அழுதுவிடுவேன்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்துக்குப் போய் வருகிறேன் என்று உனக்குத் தெரியும். மேல் மாடிகளில் இருக்கும் புத்தகங்களை வீட்டுக்கு எடுத்துவர முடியாது, அங்கேயே உட்கார்ந்துதான் படிக்க வேண்டும். அதிகமும் தன்வரலாறுகள்தான் படிக்கிறேன். அம்மா அப்பா எல்லோரும் தெய்வமாகவே இருந்தார்கள் என்று எழுதியிருப்பதை நாலு பக்கத்திலேயே மூடி வைத்துவிடுவேன். எழுதியவர் எங்கேயாவது ஒரு இடத்தில் தடுமாறி, இதில் என் தப்பும் இருக்கிறது என்று சொன்னால் போதும், கடைசி வரை விடமாட்டேன்.

உ.வே.சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ படித்தபோது தமிழ்ப் பாடத்தைவிட வேறொன்றுதான் எனக்குப் பெரிதாகப்பட்டது. 85 வயதை நெருங்கும்போது எழுதத் தொடங்கியவர், சிறு வயதில் குன்னத்திலும் கார்குடியிலும் தன் குடும்பத்துக்கு நெல்லும் சாமானும் கொடுத்து ஆதரித்தவர்களை மறக்காமல் நினைத்துச் சொல்கிறார். அது விகடனில் வாராவாரம் வந்துகொண்டிருந்த நாளில்தான், 1942 பிப்ரவரி 15இல், சிங்கப்பூர் ஜப்பான்காரனிடம் விழுந்தது. அப்போது உன் தாத்தா ஜொகூரில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவிக்கொண்டிருந்தார்.

அப்புறம் ஜப்பான்காரன் கைதிகளையும் கூலிகளையும் வைத்துச் சயாமிலிருந்து (இப்போதைய தாய்லாந்து) பர்மாவுக்குப் போட்ட சயாம் ரயில் பற்றிய புத்தகங்களைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். 415 கிலோமீட்டர் பாதை, 1943 அக்டோபரில் முடித்துவிட்டான். வெள்ளைக்காரக் கைதிகள் எழுதிய நினைவுக்குறிப்புகள் நிறைய இருக்கின்றன. அந்தப் பாதையில் இருக்கும் காஞ்சனபுரியில் அவர்களுக்குக் கிட்டத்தட்ட 7,000 கல்லறைகள், அதிகமும் பெயர் வெட்டிய கல்லோடு. நம் ஆட்கள் அந்தப் புத்தகங்களில் ஒரு பத்தியில் வந்து போகிறார்கள். பக்கத்து முகாமில் தமிழ்க் கூலிகள், அங்கே காலரா, அவ்வளவுதான், அடுத்த வரியில் வேறு கதை. அந்த இடத்தில் எனக்கு மேலே படிக்க ஓடாது, விரலை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பேன். தேசிய ஆவணக் காப்பகத்தில் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகள் இருக்கின்றன, அதையும் ராத்திரியில் காதில் மாட்டிக்கொண்டு கேட்கிறேன். எல்லாவற்றிலும் நான் தேடுவது ஒரே ஒரு ஆளைத்தான்.

1991இல் ஒரு வெள்ளிக்கிழமை, ஈசூன் வீட்டு அடுப்படியில் தாத்தா அந்தப் பித்தளைச் சொம்பைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். உனக்கு நினைவிருக்கும், அதை வேறு யாரையும் தேய்க்க விடமாட்டார், தானும் அதில் தண்ணீர் குடிக்கமாட்டார், உனக்கு மட்டும் கொடுப்பார். கழுத்துக்குக் கீழே ‘வீ.கா.’ என்று புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். நம் குடும்பத்தில் அந்த எழுத்துக்கு யாருமே இல்லையே அப்பா, யாருடையது இது என்று சும்மாதான் கேட்டேன்.

கையை நிறுத்தாமலே சொன்னார். தோட்டத்தில் சயாமுக்கு ஆள் எடுத்தார்கள். மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்று சொல்லித்தான் எடுத்தார்கள். தோட்டக் கணக்குப்பிள்ளையான கிராணியின் பட்டியலில் தாத்தா பெயரும் இருந்தது. விடியற்காலையில் தொழிலாளிகள் குடியிருந்த லயத்துக்கு வெளியே பெயர் வாசித்தபோது தாத்தா குளிர்காய்ச்சலில் சாக்கைப் போர்த்திக்கொண்டு உள்ளே கிடந்தார். தலைக்கணக்கு சரியாக இருந்தால் போதும் அவர்களுக்கு. தாத்தா பெயரை வாசித்ததும் அதே அறையில் இருந்தவர் “இருக்கேன் ஐயா” என்று குரல் கொடுத்துவிட்டு லாரியில் ஏறிப் போய்விட்டார். “எனக்குக் கேட்டுச்சும்மா. நல்லாவே கேட்டுச்சு. வேணாம்னு நான் ஒரு வார்த்தை சொல்லல” என்றார் தாத்தா. பிறகு சொம்பைக் கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்தார்.

அந்த ஆள் திரும்பி வரவில்லை. போனவர் தாத்தா பெயரில் போனதால், அங்கே செத்திருந்தாலும் எந்த ஏட்டிலும் அவர் பெயர் இருக்காது. ‘வீ’ வீரனா, வீராசாமியா, அதைத் தாத்தா சொல்லவில்லை, நானும் அன்றைக்குக் கேட்கவில்லை. இவ்வளவு புத்தகம் படித்த பிறகு அந்த ஒரு கேள்வியை விட்டது என் நெஞ்சை அரிக்கிறது. காட்டுக்குள் ஓடிய கதையை நான்தான் உனக்காகக் கட்டினேன். எட்டு வயதுப் பையனிடம் தாத்தாவைச் சின்னவராக்க மனம் வரவில்லை. ஆனால் அவர் காய்ச்சலில் கிடந்த இருபது வயதுப் பையன், பயந்திருந்தார், அதை ஐம்பது வருஷம் கழித்தாவது வாய்விட்டுச் சொன்னார். அதற்காகவே எனக்கு அவர் மேல் இப்போது கூடுதல் பிரியம்.

சின்னவனுக்கு ஒன்பது வயதாகிறது, புரிந்துகொள்வான். அடுத்த தடவை கதை சொல்லும்போது லாரியில் ஏறியவரையும் சேர்த்துச் சொல்லச் சொல். பெயர் கேட்டால் அந்த இரண்டு எழுத்தைச் சொல்லட்டும்.

டிசம்பரில் வரும்போது சொம்பை எடுத்துக்கொண்டு போ. புளி போட்டு மட்டும் தேய்க்கச் சொல், அதுவும் மெதுவாக. மெல்பர்னில் கிடைக்கிற பவுடர் எதையும் போடவேண்டாம், ‘கா’வின் கால் ஏற்கெனவே பாதி தேய்ந்துவிட்டது.

அன்புடன்,
அம்மா