பிஜியில் பழக மனிதர்கள் இல்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா, வணக்கம்.

தங்கள் ஞாயிறு இணைப்பில், பசிபிக் தீவுகளுக்கு ஒப்பந்த வேலையில் செல்லும் குடும்பங்களைப் பற்றி வெளியான கட்டுரையைப் படித்தேன். சம்பளம், வீட்டு வாடகை, பள்ளிக் கட்டணம், மருத்துவ வசதி ஆகியவற்றைக் கட்டுரையாளர் பொறுப்போடு விளக்கியிருக்கிறார். அவற்றில் எனக்கு மறுப்பு எதுவும் இல்லை. ஆனால், அங்கே நம்மவர்கள் பழகுவதற்கு மனிதர்களே இல்லை என்றும், நம் நாட்டிலிருந்து வந்திருக்கும் நான்கைந்து குடும்பங்களோடு ஒட்டிக்கொண்டு ஒப்பந்தக் காலத்தைக் கழித்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான் என்றும் அவர் முடித்திருப்பது, பிஜியைப் பொறுத்தவரை சரியன்று. கணவரின் வேலை காரணமாகச் சில ஆண்டுகளாகப் பிள்ளைகளோடு பிஜியின் தலைநகரான சுவாவில் வாழ்ந்து வருபவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

சுவாவில் வெளிநாட்டு ஊழியர்களுக்குக் குறைவே இல்லை. பன்னிரண்டு தீவு நாடுகள் சேர்ந்து நடத்தும் தென் பசிபிக் பல்கலைக்கழகம் 1968 முதல் இங்கே இயங்குகிறது. பசிபிக் தீவுகள் மன்றத்தின் செயலகமும், ஐ.நா. அமைப்புகளின் அலுவலகங்களும், தூதரகங்களும் இங்கேதான் உள்ளன. பாங்க் ஆஃப் பரோடா 1961-லேயே பிஜிக்கு வந்துவிட்டது. இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் மருத்துவர்களும் கணக்காளர்களும் கணினித் துறையினரும் தொடர்ந்து வந்துகொண்டிருக்கிறார்கள். இவர்களில் பெரும்பாலோர் இரண்டு மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் வருகிறவர்கள். தமவுவா மேட்டிலோ டொமெய்ன் பகுதியிலோ, ஜன்னல்களுக்கெல்லாம் இரும்புக் கம்பி போட்ட வீடுகளில் குடியேறுகிறார்கள்.

இந்தக் குடும்பங்களின் பழக்கவழக்கம் கட்டுரையாளர் எழுதியபடியே இருப்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். சனிக்கிழமை இரவு ஒருவர் வீட்டில் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து உண்பதும், அடுத்த வாரம் அதே முகங்கள் வேறொரு வீட்டில் கூடுவதும், பேச்செல்லாம் பள்ளியையும் மளிகை விலையையும் ஊருக்குப் போகும் தேதியையும் சுற்றி வருவதும் வழக்கம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது பிரிவு உபசார விருந்து ஒன்று வந்துவிடும். போகிறவரின் கார், சலவை இயந்திரம், கட்டில் எல்லாம் வாட்ஸ்அப் குழுவிலேயே விலைபோகின்றன. நான் மாவு அரைக்கும் கிரைண்டர் எனக்கு முன் எத்தனையோ குடும்பங்களுக்கு உழைத்தது, எனக்குப் பின்னும் உழைக்கும். (இங்கும் மின்னழுத்தம் நம் ஊர் அளவை ஒட்டியதுதான், பிளக்கை மட்டும் மாற்றினால் போதும். வரப்போகிறவர்களுக்கு இது பயன்படலாம்.) அன்பான மனிதர்கள்தான், அவசரத்துக்கு ஓடிவருகிறவர்கள்தான். ஆனால் நெருங்கிப் பழகிய குடும்பம் கிளம்பும்போதெல்லாம் பிள்ளைகள் புதிதாகத் தோழர்களைத் தேட வேண்டியிருக்கிறது.

இந்த வட்டம் மூடிக்கொள்வதற்குக் காரணம் தீவின் மக்கள் அல்லர். வேலை அனுமதி ஒருவருக்குத்தான். அவரோடு வரும் கணவரோ மனைவியோ தனியாக அனுமதி பெறாமல் சம்பளத்துக்கு வேலை செய்ய இயலாது. ஆகவே நன்கு படித்த பெண்கள் பலர் பகல் முழுதும் வீட்டிலிருக்கிறார்கள். ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிற நகரம் இது. வெளியே இறங்குவதைத் தள்ளிப்போடுவதற்கு மழை ஒரு நல்ல சாக்கு. இந்திய நேரத்தைவிட நாங்கள் ஆறரை மணி நேரம் முந்தியிருப்பதால், காலை வேலையெல்லாம் முடிந்து அக்காவிடமோ அம்மாவிடமோ பேச நினைத்தால் அங்கே இன்னும் விடிந்திருக்காது. இவை போதாவென்று, புதிதாக வருகிறவர்களுக்கு முன்பே வந்தவர்கள் சொல்லிவைக்கும் எச்சரிக்கைகள் வேறு: சந்தைக்குத் தனியே போகாதே, பேருந்தில் ஏறாதே, அக்கம்பக்கத்தாரை அளவோடு வைத்துக்கொள். சொல்கிறவரும் இவற்றைச் சோதித்துப் பார்த்தவர் அல்லர். அவருக்கு யாரோ சொன்னது.

கட்டுரையில் எனக்கு மிகவும் உறுத்தியது, பிஜித் தமிழர்களைப் பற்றிய ஒற்றை வரிதான். அவர்கள் 'பெயரளவில் தமிழர்கள்' என்று எழுதப்பட்டிருக்கிறது. 1879 முதல் 1916 வரை ஒப்பந்தக் கூலிகளாக, இங்கே 'கிர்மித்' என்று வழங்கும் முறையில், 60,000-க்கும் மேற்பட்ட இந்தியர்கள் பிஜியின் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பல்கள் புறப்படத் தொடங்கியது 1903-ல்தான். மொத்தத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினரான தென்னிந்தியர்கள் வந்து இறங்கியபோது, தோட்டத்து லைன் வீடுகளில் இந்துஸ்தானி பொது மொழியாக நிலைபெற்றுவிட்டிருந்தது. தமிழரும் தெலுங்கரும் மலையாளிகளும் கலந்து வாழ்ந்த வரிசைகளில், வேறு மொழி பேசும் கங்காணிக்குக் கீழே வேலை செய்தவர்களின் பேரப்பிள்ளைகள் பிஜி இந்தி பேசுவதில் என்ன வியப்பு? நம் ஊரிலிருந்து வருகிறவர்கள் அறிமுகமான மறு நிமிடமே "தமிழ் தெரியாதா?" என்று கேட்கும்போது, அதில் குற்றம் சாட்டும் தொனி ஒன்று ஒலிக்கிறது. பிறகு அந்த வீட்டிலிருந்து அழைப்பு வரவில்லை என்றால் அது அவர்களுடைய குறையன்று.

மொழி மங்கியதே தவிர, மற்றவற்றை அவர்கள் விட்டுவிடவில்லை. சாது குப்புசாமி 1926-ல் நாந்தி நகரில் தொடங்கிய தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம் இன்றும் நாடு முழுதும் பள்ளிகளை நடத்துகிறது. லம்பாசா நகரில் அதற்குச் செவிலியர் கல்லூரி ஒன்றும் உண்டு. அந்தப் பள்ளிகளில் பூர்வகுடிப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். ஒவ்வொரு ஈஸ்டர் விடுமுறையிலும் சங்கத்தின் மாநாடு கூடுகிறது. பஜனை ஒரு பக்கம், கால்பந்துப் போட்டி ஒரு பக்கம் என்று நடக்கும் அந்த நாட்களுக்காக, ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் குடிபெயர்ந்தவர்கள் கூடத் திரும்பி வருகிறார்கள். சுவா ஹோவல் சாலையிலுள்ள மாரியம்மன் கோயிலில் தீமிதி நடக்கும்போது, விரதமிருப்பவர்கள் பத்து நாளும் கோயிலிலேயே தங்குகிறார்கள். வேடிக்கை பார்க்க வரும் கூட்டத்தில் எல்லா இனத்தாரும் இருப்பார்கள். பெங்கா என்ற தீவைச் சேர்ந்த பூர்வகுடியினருக்கும் தீ நடத்தல் குல வழக்கம்தான், அவர்கள் நெருப்பில் பழுத்த கற்களின் மேல் நடக்கிறார்கள். ஆகவே இந்தச் சடங்கை அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. எங்கள் பக்கத்து வீட்டு அம்மாள் அம்மன் பாடல்களைப் பல வரிகளின் பொருள் தெரியாமலே மனப்பாடமாகப் பாடுகிறார். அவர் கேட்டபோது நான் சில சொற்களுக்குப் பொருள் சொன்னேன். முருங்கைக் கீரை சந்தையில் எந்தக் கிழமை நன்றாக வரும் என்று அவர் எனக்குச் சொன்னார். பழக்கம் இப்படித்தான் வளர்ந்தது.

தீபாவளி பிஜியில் அரசு விடுமுறை. அன்று மாலை வீடு வீடாக விளக்கேற்றி, பூர்வகுடி அண்டை வீட்டாருக்குப் பலகாரத் தட்டுகள் போகும்; கிறிஸ்துமஸ் அன்று, மண்ணில் குழி வெட்டிச் சூடேற்றிய கற்களின் மேல் வேகவைக்கும் லோவோ விருந்திலிருந்து சேம்பங்கிழங்கும் மரவள்ளியும் மீனும் திரும்ப வரும். சைவ உணவுக்காரர்கள் என்று ஒருமுறை சொல்லிவிட்டால், எங்களுக்கென்று கிழங்கைத் தனியே இலையில் சுற்றி வைத்துவிடுகிறார்கள். சாப்பாட்டு வேளையில் ஒரு பிஜியர் வீட்டு வாசலைக் கடந்து போகிறவரை, அறிந்தவரோ அறியாதவரோ, "மாய் கனா", வந்து சாப்பிடுங்கள், என்று உள்ளிருந்து அழைப்பது இங்கே மரியாதை. எல்லாரும் எல்லா நேரமும் உள்ளே போவதில்லை. நன்றி சொல்லிவிட்டு நடக்கலாம். ஆனால் தலையைத் திருப்பிக்கொண்டு வேகமாக நடக்கக் கூடாது. புதிதாக வரும் நம்மவர்கள் பெரும்பாலும் அதைத்தான் செய்கிறார்கள்.

கிராமங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். உடன் வேலை பார்க்கும் பூர்வகுடியினர் தம் ஊருக்கு அழைப்பது அரிதன்று. கடற்கரை விடுதிக்குப் போவதுபோல் அங்கே போக முடியாது. சுவா சந்தையின் மாடியில் விற்கும் யங்கோனா வேர்க்கட்டு ஒன்றை வாங்கிச் சென்று, ஊர்த்தலைவர் முன் வைத்து, வந்த காரணத்தைச் சொல்லி அனுமதி பெற வேண்டும். இதற்குச் செவுசெவு என்று பெயர். அழைத்தவரே நமக்காகப் பேசிவிடுவார். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் கூடாது. செருப்பு வாசலோடு நிற்க வேண்டும். கோயிலுக்குப் போய்ப் பழகியவர்களுக்கு இவற்றில் கடினமானது எதுவுமில்லை. ஒன்றில் மட்டும் நாம் கவனமாயிருக்க வேண்டும்: நாம் வாஞ்சையோடு பிள்ளைகளின் தலையைத் தடவுவோம், அங்கே பிறர் தலையைத் தொடுவது அவமதிப்பு. வேரை இடித்து நீரில் கரைத்த பானத்தைத் தேங்காய்ச் சிரட்டையில் நீட்டும்போது, உள்ளங்கைகளைக் குவித்து ஒருமுறை தட்டி, "புலா" என்று சொல்லி, ஒரே மூச்சில் குடித்து, சிரட்டையைத் திருப்பிக் கொடுத்து மூன்று முறை தட்ட வேண்டும். நாக்கு சற்று மரத்துப்போகும். குறைவாகப் போதுமென்றால் "லோ டைட்" என்று சிரித்துக்கொண்டே கேட்கலாம், பாதியளவே ஊற்றுவார்கள். மதுவன்று என்றாலும் அளவுக்கு மிஞ்சினால் மறுநாள் வேலைக்கு ஆகாது. இரவு முழுதும் அதன் முன்னேயே உட்கார்ந்து விடிய வைக்கும் ஆண்களைப் பற்றி இங்குள்ள பெண்களுக்குத் தனியே மனக்குறை உண்டு.

இந்தப் பழக்கத்துக்கு ஒரு விலையும் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. உறவும் நட்பும் உள்ள இடத்தில் வேண்டியதைக் கேட்டு வாங்கிக்கொள்ளும் 'கெரேகெரே' என்ற வழக்கம் பூர்வகுடிகளிடம் இருக்கிறது. சர்க்கரையில் தொடங்கி, புல் வெட்டும் இயந்திரம் வரை கேட்பார்கள். முதலில் எரிச்சலாக இருக்கும்; கணக்குப் பார்க்கும் மனத்துக்கு இது ஒத்துவராது. ஆனால் நாமும் கேட்கலாம் என்பதை நம்மவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. புயல் எச்சரிக்கை வந்த ஒரு நாளில் என் கணவர் வெளித் தீவில் சிக்கிக்கொண்டபோது, ஜன்னல்களுக்குப் பலகை அடித்துத் தந்தவர்கள் அதே சர்க்கரை கேட்ட வீட்டார். சாவு வீட்டுக்குப் போவதும் இங்கே முக்கியம். இந்திய வீடாயின் பதின்மூன்று நாள் காரியம் வரை மாலையில் சென்று உட்கார வேண்டும். பூர்வகுடி வீடாயின் பாய்களோடும் யங்கோனாவோடும் கூட்டமாகச் சென்று துக்கம் கேட்க வேண்டும். அழைப்பு வரவில்லையே என்று வீட்டிலிருந்துவிடுகிற வெளிநாட்டார்தான் ஊரில் யாரும் நம்மைக் கண்டுகொள்வதில்லை என்று பிறகு குறைப்படுகிறார்கள்.

அரசியல் பேச்சில் நிதானம் வேண்டும். 1987-லும் 2000-லும் 2006-லும் இங்கே ஆட்சிக் கவிழ்ப்புகள் நடந்தன. மக்கள்தொகையில் ஒரு காலத்தில் ஏறத்தாழ பாதியாக இருந்த இந்திய வம்சாவளியினர் பெருமளவில் வெளியேறி, இன்று மூன்றில் ஒரு பங்கு என்ற அளவில் இருக்கிறார்கள். நிலத்தின் பெரும்பகுதி பூர்வகுடிக் குலங்களின் பொதுச் சொத்து. அதில் எடுத்த குத்தகை முடிந்து கரும்புக் காடுகளை விட்டு வந்த இந்தியக் குடும்பங்கள் சுவாவுக்கும் நவுசோரிக்கும் இடையே குடியேறியுள்ளன. இரு தரப்பிலும் ஆறாத வருத்தங்கள் உள்ளன. விமானத்திலிருந்து இறங்கிய ஆறு மாதத்தில் விருந்து மேசையில் தீர்ப்பு வழங்குகிற நம்மவர்களை நான் பார்த்திருக்கிறேன். கேட்டுக்கொண்டிருப்பதே விருந்தினருக்கு அழகு. கிர்மித் நினைவு நாள் (மே 14) 2023-ல் அரசு விடுமுறையாக அறிவிக்கப்பட்டபோது, எங்கள் தெருப் பெரியவர்கள் தம் வீட்டுக் கதைகளைத் தாமாகவே சொல்லத் தொடங்கினார்கள். நாம் கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டார்கள்.

தங்கள் இதழுக்கு இரண்டு வேண்டுகோள்கள். இங்கே வரும் குடும்பங்களில் பகலில் நேரமுள்ளவர்கள், குடிவரவு விதிகள் இடங்கொடுக்கும் அளவில், சங்கத்தாரை அணுகித் தமிழ் கற்க விரும்பும் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு மணி நேரமாவது உதவலாம் என்பதை வாசகர்களுக்குத் தெரிவியுங்கள். இதற்கு ஆசிரியர் பயிற்சி பெற்றிருக்க வேண்டுமென்பதில்லை, அரிச்சுவடி தெரிந்தால் தொடங்கிவிடலாம். அடுத்ததாக, பசிபிக் வாழ்க்கையைப் பற்றி மீண்டும் எழுதும்போது, வந்துபோகிற எங்களை மட்டும் கேட்டு எழுதாமல், பா என்ற ஊரிலோ நாந்தியிலோ நான்காம் ஐந்தாம் தலைமுறையாக வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தாரையும் கேட்டு எழுதுங்கள். பேட்டியை இந்தியிலோ ஆங்கிலத்திலோ எடுத்துத் தமிழில் வெளியிடுவதில் தடையொன்றும் இருக்காது. எங்களைப் பற்றி அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதையும் மறக்காமல் கேளுங்கள்.

இப்படிக்கு,
வாசகி,
சுவா, பிஜி.