சுருதி தப்பிய பழைய இசைத்தட்டுகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கிராமபோன் தட்டுகளிலிருந்து எடுத்த கர்நாடக இசைப் பதிவுகள் புது மெருகோடு வெளிவருவதைப் பாராட்டி எழுதியிருந்தீர்கள். பாராட்ட வேண்டிய வேலைதான். ஆனால் அவற்றில் பல, பாடியவரின் சுருதியிலேயே இல்லை.

இந்தத் தட்டுகளுக்கு 78 சுற்றுத் தட்டு என்பது பொதுப்பெயர்தான். 1925-இல் மின்சாரப் பதிவு வருவதற்கு முன் நிமிஷத்துக்கு 70 சொச்சம் சுற்றிலிருந்து 80-க்கு மேல் வரை பல வேகங்களில் பதிந்தார்கள். 74-இல் பதிந்ததை 78-இல் ஓட்டினால் சுருதி ஏறக்குறைய அரைக்கட்டை ஏறிவிடும். ஐந்து கட்டைச் சுருதியில் பாடியவர் ஐந்தரைக்குப் போய்விடுவார். காலப்பிரமாணமும், அதாவது பாட்டின் வேகமும், கூடவே ஓடும். குரல் மெலிந்து சிறுபிள்ளைக் குரலாகும். அந்தக் காலத்து பிருகாவின் (ஸ்வரங்களை மின்னல்போல் உதிர்க்கும் பாணியின்) வேகத்தை வியக்குமுன் தட்டு எந்த வேகத்தில் சுழன்றது என்று கேட்க வேண்டும். ஹார்மோனியம் பக்கவாத்தியமாக இருந்தால் அதன் ஷட்ஜத்தைக் கொண்டு ஓரளவு கணிக்கலாம். தட்டின் ஒவ்வொரு பக்கத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் தனித்தனியே பார்ப்பது அவசியம். பதிவான போதே வேகம் நழுவிய தட்டுகள் உண்டு.

நடுத்துளை சற்று விலகியிருந்தால் இன்னொரு கோளாறு. விநாடிக்கு 1.3 முறை சுருதி ஏறி இறங்கும். நீட்டிப் பிடித்த கார்வை, ஸ்வரத்தை அசைத்துப் பாடும் கம்பிதம் போலக் கேட்கும், அசையக் கூடாத பஞ்சமமே அசையும். ஊசிக்கை இடவலமாக ஆடுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஆட்டம் நிற்கும்வரை தட்டை நகர்த்தி வைத்துப் பதிய வேண்டும்.

எல்லாவற்றையும்விட வருத்தம் தருவது இரைச்சல் நீக்கம். மென்பொருளுக்கு இரைச்சலின் மாதிரியைக் காட்ட, பாட்டு தொடங்குமுன் ஓடும் வெற்றுப் பள்ளத்திலிருந்து எடுக்க வேண்டும். பாடகர் மூச்சு வாங்கும் இடத்திலிருந்து எடுத்தால், அங்கே ஒலித்துக்கொண்டிருக்கும் தம்புராவையும் அது இரைச்சல் என்றே எடுத்துக்கொண்டு பாட்டு முழுவதும் துடைத்துவிடும். 'டிக் டிக்' சத்தத்தை நீக்கும் கருவியைக் கூட்டி வைத்தால் வீணையின் மீட்டும் மிருதங்கத்தின் சாப்பு அடியும் முனை மழுங்கிப்போகும். கொஞ்சம் கரகரப்பு இருந்துவிட்டுப் போகட்டும், காது அதற்குப் பழகிவிடும்.

ஊசியும் முக்கியம். பின்னாளில் வந்த எல்பி தட்டின் மெல்லிய ஊசி இந்த அகலமான பள்ளத்தின் அடியில் கிடக்கும் அழுக்கில் உரசும். சுமார் 3 மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு), அதாவது 75 மைக்ரான் முனை வேண்டும். 1954 வாக்கில் பொதுவான ஆர்ஐஏஏ என்னும் ஒலிச்சமன் அமைப்பை (தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளின் அளவைச் சரிசெய்வது) இவற்றுக்கு அப்படியே போட்டால் ஒலி மந்தமாகும். ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கவே கூடாது, தட்டு அரக்கால் ஆனது, கரைந்துவிடும். காய்ச்சி வடித்த நீரில் ஒரு சொட்டு மென்மையான சோப்புத் திரவம் போதும், லேபிள் நனையாமல்.

சில பழைய தட்டுகளின் கடைசியில் பாடியவரே பெயர் சொல்லி முடிப்பார். இந்துஸ்தானிப் பாடகி கௌஹர் ஜானின் தட்டுகளில் அது புகழ்பெற்றது. அந்தக் குரலை வெட்டிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

வெளியிடுவோர் ஓட்டிய வேகம், கிடைத்த சுருதி, தட்டில் பொறித்த மேட்ரிக்ஸ் எண் (அந்தப் பதிவின் அடையாள எண்) மூன்றையும் அச்சிட்டு, கைபடாத மூலப் பதிவையும் கூடவே தர வேண்டும். உங்கள் இதழின் இசை விமர்சனங்களில் இனி இவை இருக்கின்றனவா என்று ஒரு வரி எழுதினால் நல்லது.

இப்படிக்கு,
வாசகர், கும்பகோணம்