ஆடிச் சாரலுக்கு வராத கதை

அன்புள்ள கணேசா,

நலம். அம்மாவின் முழங்கால் வலியும் நலம். அங்கும் அப்படித்தான் என்று வைத்துக்கொள்கிறேன்.

ஆடியில் ஐந்தருவிக்கு வராமல் ஏமாற்றியதற்கு நீ திட்டியதெல்லாம் நம் கூட்டாளி மொட்டை வழியாக ஒன்று விடாமல் வந்து சேர்ந்தது. ஆபீசில் தணிக்கை என்று சொன்னது பொய். முப்பது வருடத்தில் உன்னிடம் சொன்ன இரண்டாவது பொய். (முதலாவது சைக்கிள் விவகாரம். கிளறாதே.) துண்டைக் கட்டிக்கொண்டு உங்கள் நடுவில் நிற்கக் கூச்சமாக இருந்தது. போனில் இதைச் சொல்ல வாய் வரவில்லை.

போன தீபாவளி சமயம் தொடையிடுக்கில் படர்தாமரை. மருந்துக்கடையில் முனகினேன்; அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஒரு டியூபை நீட்டினார். இரண்டே நாளில் அரிப்பு போயிற்று. நிறுத்தினால் நாலாம் நாள் திரும்பும், மறுபடி பூசுவேன். இப்படியே ஏழு மாதம். ஒருநாள் குளிக்கும்போது குனிந்து பார்த்தால், இரண்டு தொடையின் உள்பக்கமும் விரல் அகலத்துக்குச் சிவப்பும் ஊதாவுமாக வரிகள். பிள்ளை பெற்ற வயிற்றில் விழுமே, அதே மாதிரி. "உங்களுக்கு எத்தனையாவது மாதம்?" என்று கேட்டாள் வீட்டுக்காரி.

தோல் டாக்டர் டியூபைத் திருப்பிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. பூஞ்சை மருந்தோடு குளோபெட்டசால் என்ற வீரியமான ஸ்டீராய்டும் அதில் கலந்திருக்கிறதாம். அது அரிப்பையும் சிவப்பையும் அடக்கிவிடும்; அடியில் பூஞ்சை பாட்டுக்குப் பரவும். போதாததற்குத் தோலைத் தாங்கும் கொலாஜனையும் மெலிய வைக்கும். வியர்த்து மூடிக் கிடக்கும் மடிப்புகளில் மருந்து கூடுதலாக உள்ளே இறங்குவதால் அங்கேதான் சீக்கிரம் வரி விழும். இந்த மாதிரி ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018-லேயே விதி போட்டுவிட்டது. விதி டில்லியில் இருக்கிறது, கடை நம் தெருவில் இருக்கிறது.

படர்தாமரை ஆறு வார மாத்திரையில் ஒழிந்தது. வரிகள் போகவில்லை. சிவப்பாக இருக்கும்போதே லேசர் வைத்தால் ஓரளவு மங்குமாம், முழுக்கப் போகாதாம். எனக்கு வெளுக்கத் தொடங்கிவிட்டன. தேங்காயெண்ணெய், சோற்றுக்கற்றாழை, அத்தை சொன்ன குப்பைமேனி எல்லாம் பூசி, துணிகள் கறையானதுதான் மிச்சம்.

இருக்கட்டும். இந்த வயதில் என் தொடையை யார் பார்க்கப்போகிறார்கள்? நான் எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்காக. பொங்கலுக்கு வந்தபோது உன் மகனுக்கும் இதே அரிப்பு என்றாய். "மந்திரம் மாதிரி கேட்கும்" என்று பாதி டியூபை உன் பையில் திணித்தேன், நினைவிருக்கிறதா? எனக்கு நேற்று ராத்திரிதான் நினைவு வந்தது. அதன் பிறகு தூக்கமில்லை. வளர்கிற பையன்கள் தோலில் வரி இன்னும் எளிதில் விழும் என்று டாக்டர் பேச்சுவாக்கில் சொன்னது காதிலேயே நிற்கிறது.

அந்த டியூப் தீர்ந்து, அதே பெயரைக் காட்டி இன்னொன்று வாங்கியிருக்கிறானா என்று கேள். "இல்லை" என்றுதான் முதலில் சொல்வான், விடாதே. பூசிக்கொண்டிருந்தால் டியூபோடு தோல் டாக்டரிடம் அழைத்துப் போ. செலவு என்னுடையது, இதில் வாதம் வேண்டாம். திட்டுவதானால் மொட்டை வழியாக வேண்டாம், நேராகவே திட்டு.

கடிதம் கிடைத்த அன்றே போன் செய். எத்தனை மணியானாலும் சரி.

உன்,
ராமு