எவர்சில்வர் தட்டில் ஐந்து மாத்திரைகள்: சித்திக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சித்தி அவர்களுக்கு,

வணக்கம். பொங்கலுக்கு வலங்கைமானில் உங்கள் வீட்டில் தங்கியிருந்தபோது, மாட்டுப் பொங்கலன்று காலையில் நீங்கள் மாத்திரை சாப்பிட்டதைப் பார்த்ததிலிருந்தே இதை எழுத நினைத்துக்கொண்டிருந்தேன். சின்ன எவர்சில்வர் தட்டில் தைராய்டு மாத்திரை, பிரஷர் மாத்திரை, கால்சியம், இரும்புச்சத்து, முடி கொட்டுவதற்காக அண்ணி வாங்கித் தந்தது என ஐந்தையும் வைத்து, ஒரே மடக்கில் விழுங்கிவிட்டு, உடனே டபராவில் ஆற்றிய காபியைக் குடித்தீர்கள். தைராய்டு மாத்திரையின் டோஸை 75 மைக்ரோகிராமிலிருந்து 100-க்கு ஏற்றியும் அசதி போகவில்லை என்று அன்று மாலை வருத்தப்பட்டீர்கள். விருந்தாளிகள் நிறைந்த வீட்டில் அதைப் பேச மனம் வரவில்லை. கும்பகோணத்து மருந்துக் கடையில் பதினோரு ஆண்டுகளாக மருந்தாளுநராக இருக்கும் நான், இதே பழக்கத்தைப் பலரிடம் கண்டிருப்பதால், ஃபோனில் உங்கள் சம்மதத்தைக் கேட்டுக்கொண்டு பொதுவிலேயே எழுதுகிறேன்.

உங்கள் தைராய்டு மாத்திரையில் இருக்கும் மருந்தின் அளவு மைக்ரோகிராம் கணக்கு. கால்சியம் மாத்திரையிலோ 500 மில்லிகிராம், அதாவது பல்லாயிரம் மடங்கு. இரண்டும் ஒரே நேரத்தில் வயிற்றில் சேரும்போது, கால்சியமும் இரும்பும் தைராய்டு மாத்திரையிலுள்ள மருந்தான தைராக்சினைப் பற்றிக்கொள்கின்றன. அப்படிப் பிடிபட்ட மருந்தைச் சிறுகுடல் உறிஞ்ச முடியாமல், அது மலத்தோடு வெளியேறிவிடுகிறது. 1992-இல் வெளியான ஓர் ஆய்வில், தைராய்டு மாத்திரையோடு சேர்த்தே இரும்புச்சத்து மாத்திரையையும் 12 வாரங்கள் சாப்பிட்ட 14 பேருக்கு, தைராய்டு ஹார்மோன் போதாதபோது இரத்தத்தில் கூடும் டி.எஸ்.எச். அளவின் சராசரி 1.6-இலிருந்து 5.4-க்கு ஏறியது. அவர்களும் வழக்கமான அளவு தைராய்டு மருந்தைத் தினமும் சாப்பிட்டு வந்தவர்கள்தான். நீங்களும் ஒருநாள்கூட விடாதவர் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் இது எனக்குப் பொறுக்கவில்லை.

இதற்காகக் கால்சியத்தையோ இரும்பையோ நிறுத்திவிடாதீர்கள். உங்கள் எலும்புக்கும் இரத்தத்துக்கும் அவை தேவை என்றுதான் டாக்டர் எழுதித் தந்திருக்கிறார். நேரத்தை மட்டும் பிரித்துவிட்டால் போதும்: தைராய்டு மாத்திரைக்கும் இவற்றுக்கும் இடையே குறைந்தது நான்கு மணி நேரம் இருக்க வேண்டும். விடியற்காலை ஐந்தரை மணிக்கு, வாசல் தெளிக்கப் போகுமுன், வெறும் வயிற்றில் வெறும் தண்ணீரோடு தைராய்டு மாத்திரையை மட்டும் சாப்பிடுங்கள். காபிக்கு ஒரு மணி நேரம் பொறுத்திருங்கள். தஞ்சாவூர்க்காரர்களிடம் காலைக் காபியைத் தள்ளிப்போடச் சொல்வது எவ்வளவு பெரிய கோரிக்கை என்பதை நான் அறிவேன். ஆனால் காபியும் மருந்து உடம்பில் சேர்வதைக் குறைக்கிறது, அதில் ஊற்றும் பாலிலும் கால்சியம் இருக்கிறது. பிரஷர் மாத்திரையைக் காலைச் சாப்பாட்டு நேரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். இரும்புச்சத்தைப் பதினொரு மணிக்கு எலுமிச்சம்பழச் சாற்றோடு சாப்பிட்டால் நன்றாகச் சேரும். கால்சியத்தை மதியமோ இரவோ சாப்பாட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். இரும்பும் கால்சியமும்கூட ஒன்றையொன்று தடுக்கும் என்பதால் அவற்றையும் சேர்க்க வேண்டாம். வயிற்றெரிச்சலுக்கு நீங்கள் அவ்வப்போது குடிக்கும் மருந்திலும் அலுமினியமும் மெக்னீசியமும் இருக்கின்றன. அதற்கும் இதே நான்கு மணி நேரம்தான்.

இதில் நான் மிகவும் அஞ்சுவது வேறொன்று. இத்தனை நாளும் பாதி வீணாகிக்கொண்டிருந்த மருந்து, நேரத்தைப் பிரித்ததும் முழுமையாக உடம்பில் சேரத் தொடங்கும். அப்போது ஏற்றிவைத்த 100 உங்களுக்கு அதிகமாகிவிடக்கூடும். படபடப்பும் கைநடுக்கமும் வரலாம். உங்கள் வயதில், மாதவிடாய் நின்ற பிறகு, தைராய்டு ஹார்மோன் மிகுதியானால் எலும்பும் தேயும். எலும்புக்காகக் கால்சியம் சாப்பிடும் ஒருவருக்கு இப்படி ஆகிவிடக் கூடாது, சித்தி. ஆகவே நேரத்தை மாற்றப்போவதை டாக்டரிடம் முதலில் சொல்லிவிடுங்கள். மாற்றிய ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் டி.எஸ்.எச். பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அதற்கு முன்னால் பார்த்தால் சரியான நிலவரம் தெரியாது. டோஸைக் குறைப்பதையும் கூட்டுவதையும் அவரே செய்யட்டும். இடையில் நெஞ்சு படபடத்தால் எட்டு வாரம் வரை காத்திருக்க வேண்டாம்.

அண்ணி தந்த மாத்திரையின் அட்டையை எனக்குப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். முடிக்கான மாத்திரைகள் பலவற்றில் பயோட்டின் என்ற வைட்டமின் இருக்கும். அது மருந்தைத் தடுப்பதில்லை என்றாலும், சில ஆய்வுக்கூடங்களின் பரிசோதனை முறையில் டி.எஸ்.எச்.-ஐப் பொய்யாகக் குறைத்துக் காட்டிவிடும்; இரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பாவது அதை நிறுத்த வேண்டும். துத்தநாகமும் இரும்பும் சேர்ந்த சத்து மாத்திரையாக இருந்தால் அதையும் மதியத்துக்கு மாற்றிவிட்டு, கால்சியத்தை இரவுக்கு வைத்துக்கொள்ளலாம்.

மாசி மகத்துக்கு இங்கே வரும்போது பழைய ரிப்போர்ட்டுகளையும், இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். தைராய்டு மாத்திரைக் குப்பியையும் மறக்க வேண்டாம். அன்று அதை அடுப்பு மேடைக்கு மேலே பார்த்தேன். வெப்பமும் ஈரமும் அதற்கு ஆகாது, இன்றே கூடத்து அலமாரிக்கு மாற்றிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் அக்காள் மகள்