ஆண்டறிக்கை: ஸ்க்ளீரோடெர்மா நோயாளர்களுக்கான உடற்பயிற்சி வகுப்பு

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள், குடும்பத்தினர் அனைவருக்கும் வணக்கம்.

தோலும் சிலருக்கு உள்ளுறுப்புகளும் இறுகிப்போகும் நோயான ஸ்க்ளீரோடெர்மா உள்ளவர்களுக்காக, மருத்துவர்களை அழைத்துப் பேசவைப்பதோடு நிற்காமல் உடற்பயிற்சி வகுப்பும் நடத்த வேண்டும் என்று சென்ற பொதுக்குழுவில் தீர்மானித்தோம். இந்த ஆண்டு வேலை பெரும்பாலும் அதைச் சுற்றியே நடந்தது.

சேர விரும்பியவர்கள் இதயம், நுரையீரல் நிலை பற்றித் தங்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டு வர வேண்டும் என்பதில் செயற்குழு கண்டிப்பாக இருந்தது. சிலருக்கு வருத்தம்தான். ஆனால் இந்த நோயில் நுரையீரல் தழும்பேறியிருந்தாலும், நுரையீரல் தமனியில் அழுத்தம் கூடியிருந்தாலும் ஆரம்பத்தில் வெளியே தெரிவதில்லை. அப்படிப்பட்டவர்களும் பயிற்சி செய்யலாம். எவ்வளவு என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். இன்னொன்று: ரேனாட் (குளிரில் விரல்களுக்கு ரத்த ஓட்டம் குறைவது) உள்ளவர்களுக்கு விரல் சில்லிட்டிருந்தால், விரலில் மாட்டும் ஆக்ஸிஜன் மீட்டர் தப்பாகக் காட்டலாம். காதிலோ நெற்றியிலோ வைத்துப் பார்க்கும் வகையைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். குளிர் ஆகாது என்பதால் வகுப்பு நேரத்தில் ஏசியை நிறுத்திவைத்தோம்.

வகுப்பில் அதிக நேரம் கைக்கே போனது. கொலாஜன் என்ற புரதம் அளவுக்கு மீறிச் சேர்ந்து தோல் இறுகும்போது, விரல்கள் மடங்கியபடியே நின்றுவிடுகின்றன. அதனால் முதலில் கையைச் சூடாக்க வேண்டும். பிசியோதெரபிஸ்ட் உருகிய பாரஃபின் மெழுகில் கையை முக்கி எடுக்கவைத்தார். அது லேசாக உறைந்ததும் மறுபடி முக்கல். பல அடுக்கு படிந்ததும் பிளாஸ்டிக் உறை, அதன்மேல் துண்டு. சிறிது நேரம் கழித்து உரித்தெடுத்து, சூடு ஆறுவதற்குள் ஒவ்வொரு விரலாக நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். இழுப்பு தெரியும் இடத்தில் நிறுத்த வேண்டும், வலிக்கும்வரை போகக் கூடாது. விரல் நுனியில் புண் இருப்பவர்களுக்கு மெழுகு கிடையாது. "மேல் பொத்தானை நானே போட்டுக்கிட்டேன் அண்ணா" என்று ஓர் உறுப்பினர் வந்து கழுத்தைத் தொட்டுக் காட்டினார். இந்த ஆண்டு எனக்கு மிகவும் மகிழ்ச்சி தந்த செய்தி அது.

வாய்ப் பயிற்சிக்கு வரவேற்பு குறைவு. பிறர் முன்னால் வாயை அகலத் திறக்கவும், இரு கட்டைவிரல்களை உள்ளே விட்டு ஓரங்களை இழுக்கவும் கூச்சம். சரி, வீட்டில் கண்ணாடி முன்னால் செய்யுங்கள் என்று விட்டுவிட்டோம். ஆனால் விட்டுவிடக் கூடாத பயிற்சி இது. வாய் சுருங்கிவிட்டால் பல் துலக்குவதும் பல் வைத்தியம் செய்துகொள்வதும் பெரும்பாடு. சில வாரம் செய்து நிறுத்தினால் கிடைத்த பலன் போய்விடும். பல் துலக்குவதுபோல் தினமும் செய்ய வேண்டியது.

நடை, லேசான எடைப் பயிற்சி இரண்டும் சிக்கலின்றி நடந்தன. பேச முடிகிற அளவு மூச்சு வாங்கினால் போதும் என்பதே நாங்கள் வைத்த அளவு. எதுக்களிப்பு உள்ளவர்கள் சாப்பிட்டவுடன் படுத்துச் செய்யும் பயிற்சிகளைத் தவிர்த்தார்கள். ஐரோப்பிய வாதநோய் மருத்துவ அமைப்பான யூலர் 2023இல் வெளியிட்ட பரிந்துரைகளிலும் கை, வாய்ப் பயிற்சிகளும் மூச்சு வாங்கவைக்கும் பயிற்சி, தசை வலுப் பயிற்சி ஆகியவையும் இடம்பெற்றுள்ளன. மருந்தை நிறுத்திவிட்டுப் பயிற்சி மட்டும் போதுமா என்று கேட்டவர்களுக்குக் கூடவே கூடாது என்று சொல்லியிருக்கிறோம்.

ஜூன் 29 உலக ஸ்க்ளீரோடெர்மா தினத்தன்று, அதே தேதியில் 1940இல் மறைந்த ஓவியர் பால் க்ளேயை நினைவுகூர்ந்தோம். அவருக்கும் இந்த நோய்தான் இருந்தது என்று மருத்துவர்கள் கருதுகிறார்கள். நோயோடு போராடிய 1939இல் மட்டும் அவர் 1,000க்கும் மேற்பட்ட படைப்புகளைச் செய்தார்.

ஒரு குறை. பெரும்பாலோர் விரல்கள் மடங்கிய பிறகே வருகிறார்கள். நின்றுவிட்ட விரலை மீட்பது கடினம், இயங்கும் விரலைக் காப்பது அதைவிட எளிது. ஆகவே நோய் புதிதாகக் கண்டறியப்பட்டவர்களை முதல் மாதத்திலேயே வகுப்புக்கு அனுப்பும்படி மருத்துவர்களுக்குக் கடிதம் எழுதச் செயற்குழு முன்மொழிகிறது. குடும்பத்தில் ஒருவர் உடன் வந்து பயிற்சியைக் கற்றுக்கொள்ளவும் வேண்டுகிறோம்.

வகுப்பை நடத்தித் தந்த பிசியோதெரபிஸ்டுக்கும், இடம் தந்தவர்களுக்கும் நன்றி. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்